எத்தனை நடை? ஃபெல்லோஷிப்புக்கு ஆள் எடுப்பவர்களுக்கு எல்லையோரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

படித்த பிள்ளைகளை ஒன்றிரண்டு வருஷம் அரசாங்கத்தோடு வேலை பார்க்க வைக்கிற அரசு ஃபெல்லோஷிப்புகளுக்கு ஆள் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, மாவட்டங்களுக்கு அனுப்பி வைக்கிற ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

நான் கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் வருமானத்தில் பாதிக்கு மேல் மனு எழுதிக் கொடுப்பதில்தான் வருகிறது. வருகிறவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் மலையாளத்தில் எழுதுவேன். ஆபீஸிலிருந்து மலையாளத்தில் தாள் வரும், தமிழில் வாசித்துச் சொல்வேன். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. சித்தூர் என்றதும் ஆந்திராவை நினைத்துக்கொள்ள வேண்டாம், எங்களுடையது பழைய கொச்சி சமஸ்தானத்துச் சித்தூர். 1956-ல் மொழிவாரியாகக் கோடு போட்டபோது நாங்கள் கேரளத்துக்குள் வந்தோம், வீட்டில் பேச்சு தமிழாகவே நின்றுவிட்டது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று எந்தப் பஞ்சாயத்துக்குள் நடந்தாலும் டீக்கடையில் தமிழ்தான் காதில் விழும். சந்தைக்குப் பொள்ளாச்சி, சர்ட்டிபிகேட்டுக்குச் சித்தூர், இதுதான் எங்கள் வாழ்க்கை.

ஃபெல்லோஷிப்புக்கும் ஜெராக்ஸ் கடைக்காரனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்த விண்ணப்பங்களை ஆன்லைனில் போட்டுக் கொடுப்பதும் நான்தான், அதனால் உங்கள் அறிவிப்புகளை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறேன். 2012-ல் மாவோயிஸ்ட் பாதிப்புள்ள மாவட்டங்களில் கலெக்டர்களுக்குத் துணையாகப் பிரதமர் பெயரில் ஊரக வளர்ச்சி ஃபெல்லோக்களை அனுப்பியதிலிருந்து, 2015-ல் மகாராஷ்டிரா, 2016-ல் ஹரியானா, 2022-ல் தமிழ்நாடு என்று முதலமைச்சர் பெயரில் வந்த திட்டங்கள் வரைக்கும் தெரியும். மத்தியத் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் மகாத்மா காந்தி தேசிய ஃபெல்லோஷிப் 2020-ல் 69 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது, 2021 அக்டோபரில் கோழிக்கோடு உட்பட ஒன்பது ஐஐஎம்களோடு, அதாவது மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகளோடு, நாடு முழுக்கப் போனது. கொஞ்ச நாள் ஐஐஎம் வகுப்பு, மீதி நாள் மாவட்டத்தில் வேலை, முதல் வருஷம் மாதம் 50,000, இரண்டாம் வருஷம் 60,000 ரூபாய். பொறாமை ஒன்றும் இல்லை, படித்த பிள்ளைகள் அரசாங்க வேலை எப்படி நடக்கிறது என்று வந்து பார்க்க அந்தப் பணம் தாராளமாகக் கொடுக்கலாம். வயது 21-லிருந்து 30-க்குள் இருக்க வேண்டும் என்பதால் எனக்கு அந்த ஆசையும் இல்லை.

எனக்குள்ள குறை வேறு. நீங்கள் அனுப்புகிற பிள்ளை வந்து இறங்குவது கலெக்டரேட்டில். அவருக்கு ஒரு மேஜை, ஒரு லாகின், ஒரு டேஷ்போர்டு. அந்த டேஷ்போர்டில் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று பச்சையும் சிவப்புமாக இருக்கும். அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் பாக்கியம்மா அதில் இல்லை.

பாக்கியம்மா யார் என்று சொல்லிவிடுகிறேன், பெயரைக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம், கட்டிக் கொடுத்தது இங்கே. நிலக்கடலை, தென்னை என்று கூலி வேலை. புருஷன் இறந்த பிறகு விதவை பென்ஷனுக்கு எழுத வந்தார். ஆதாரில் பாக்கியம், ரேஷன் கார்டில் பாக்யம், புருஷனின் மரணச் சான்றிதழில் பாக்யலட்சுமி. மூன்றும் ஒரே ஆள். தமிழில் நமக்கு ஒரே ஒரு ப. மலையாளத்தில் நாலு. எழுதுகிற கிளார்க் தமிழ்க்காரம்மா சொல்வதைக் கேட்டு அவருக்குத் தோன்றிய ப-வைப் போடுவார், கம்ப்யூட்டர் அதை ஆங்கிலமாக்கும்போது ஓரிடத்தில் பி வரும், இன்னோரிடத்தில் பிஹெச் வரும். இனிஷியலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் எழுத்து, பின்னால் புருஷன் பெயரின் எழுத்து, அதை நாம் பெயருக்கு முன்னால் போடுவோம், இங்கே பின்னால் போடுவார்கள். ஒரு எழுத்துத் தட்டினால் மெஷினுக்கு அது வேறு மனுஷி.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. 'ஒன் அண்டு தி சேம்' சர்ட்டிபிகேட் என்று ஒன்று உண்டு, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் எழுதித் தருவது. எங்கள் ஊரில் ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியாக எல்லோருக்கும் தெரிந்த தாள் இதுதான், சின்னப் பிள்ளைகள்கூட 'ஒனண்சேம்' என்று ஒரே மூச்சில் சொல்லும்.

பாக்கியம்மாவின் முதல் நடையில், பஞ்சாயத்து ஆபீஸ் ஜன்னலில் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு "பேரு ஒத்து வருந்நில்லல்லோ அம்மே" என்றார். குரலில் கோபம் இல்லை, பாவம், அன்பாகத்தான் சொன்னார். தாள்களை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது நடை வில்லேஜ் ஆபீஸுக்கு, அன்றைக்கு ஆபீசர் ஸ்தலம் பார்க்கப் போய்விட்டார். மூன்றாவது நடையில் ஆபீசர் இருந்தார், நெட் இல்லை. நாலாவது நடையில் சாட்சிக்கு அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். கூலி வேலைக்குப் போகிற இரண்டு பேரை வேலை நாளில் கூட்டிக்கொண்டு வருவது என்றால் அவர்கள் கூலியையும் இந்தம்மாதான் கொடுக்க வேண்டும். தன் கூலி, அவர்கள் கூலி, பஸ், டீ, என் கடையில் ஜெராக்ஸ். நானும் வாங்கினேன், மறைப்பதற்கில்லை. கடைசியில் பென்ஷன் வந்தபோது மாதம் 1,600 ரூபாய். (2025 நவம்பரிலிருந்து அது 2,000 ஆகியிருக்கிறது, நல்ல விஷயம்.) அதை வாங்குவதற்கு அவர் எவ்வளவு செலவழித்தார் என்று கேரளாவில் எந்த ஆபீஸிலும் எழுதி வைக்கவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கேரளாவில் 2012-லேயே சேவை உரிமைச் சட்டம் வந்துவிட்டது. இன்ன சர்ட்டிபிகேட்டுக்கு இத்தனை நாள் என்று ஆபீஸ் சுவரில் போர்டே உண்டு. அந்த நாள் எப்போதிலிருந்து ஓட ஆரம்பிக்கும்? விண்ணப்பத்தை வாங்கி ரசீது கொடுத்த நிமிஷத்திலிருந்து. ஜன்னலிலேயே "ஒத்து வரவில்லை" என்று திருப்பிக் கொடுத்த தாளுக்கு ரசீதும் இல்லை, நம்பரும் இல்லை, நாளும் இல்லை. பாக்கியம்மாவின் முதல் நாலு நடையும் நடக்கவே இல்லை என்று கணக்கு. ஐந்தாவது நடையில் எல்லாம் சரியாகக் கொண்டு போனார், வாங்கினார்கள், சொன்ன நாளுக்குள் முடிந்தது, டேஷ்போர்டில் பச்சை. உங்கள் ஃபெல்லோ அந்தப் பச்சையைப் பார்த்து "இந்தப் பஞ்சாயத்து நன்றாகச் செய்கிறது" என்று ரிப்போர்ட் எழுதுவார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கலெக்டரேட் மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் ஜன்னலுக்கு உள்பக்கம்தானே தெரியும்.

இப்படி ஒரு பிள்ளை நிஜமாகவே வந்தது. சில வருஷம் முன்பு. எந்தத் திட்டம், யார் அனுப்பியது என்று சொல்லமாட்டேன், அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்றைக்கு நினைத்தாலும் நல்ல நினைப்புதான். வடக்கே எங்கேயோ சொந்த ஊர், மலையாளம் தட்டுத் தடுமாறி வரும், தமிழ் சுத்தமாக இல்லை. கையில் டேப்லெட். அரசு சேவையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று சர்வே. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என் கடைக்கு யாரோ அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு பெஞ்சில் இருந்தது ஒரு வயசான அம்மா. நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அந்தம்மா அந்தப் பெண்ணையே பார்த்து, "ஏங்கண்ணு, அஞ்சு போட்டா பென்சன் சீக்கிரம் வருங்களா?" என்றார்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்தப் பெண் டேப்லெட்டை மூடிவிட்டது. அப்புறம் ஒரு வாரம் போல தினமும் காலையில் வந்து என் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்தது. ஒரு நோட்டு வாங்கிக்கொண்டது, என் கடையில்தான். வருகிறவர்களிடம் ஒரே கேள்வி, "இது எத்தனாவது நடை?" நடை என்ற சொல்லை அப்படியே தமிழில் கற்றுக்கொண்டது. அதற்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது என்று தேடியது, விசிட் என்றால் சரிவரவில்லை, விசிட் என்றால் விருந்துக்குப் போவது போல இருக்கிறது என்று அதுவே சிரித்தது. ஒரு வேலைக்காக வீட்டிலிருந்து கிளம்பி, பஸ் ஏறி, கூலியை விட்டு, காத்திருந்து, வெறுங்கையோடு திரும்புகிறவரையில் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நடை. கடைசியில் நோட்டில் நடை என்றே ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டது.

அந்த ஒரு வாரத்தில் அது கண்டுபிடித்ததை நான் இருபது வருஷத்தில் யோசித்ததில்லை. ஜனங்கள் திரும்பிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நாலைந்துதான், அந்த நாலைந்தும் திரும்பத் திரும்ப வருகிறது. பெயர், இனிஷியல், சாட்சி, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கொண்டு வந்த தாள், கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீது பழசு. அது என்ன செய்தது தெரியுமா, பென்ஷன் ஃபாரம் ஒன்றைத் தமிழில் மாதிரிக்குப் பூர்த்தி செய்து, பக்கத்தில் பெயர் வித்தியாசம் இருந்தால் முதலில் இதை வாங்கி வா என்று அம்புக்குறி போட்டு, என் கையெழுத்திலேயே எழுத வைத்து, ஆபீஸ் வராந்தா சுவரில் ஒட்டியது. செலவு நாற்பது ரூபாய், லேமினேஷனோடு. கிளார்க் மறுப்புச் சொல்லவில்லை. அவருக்கும் நிம்மதி, ஒரே பதிலை ஒரு நாளைக்கு இருபது முறை சொல்ல வேண்டியதில்லையே. ஜனங்கள் ஜன்னலுக்குப் போகும் முன்பே சுவரைப் படித்துவிட்டு என் கடைக்கு வந்தார்கள். அந்த மாதம் எனக்கு வியாபாரம் கூட என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் என்ன ஆயிற்று? அந்தப் பிள்ளையின் காலம் முடிந்தது, போய்விட்டது. ஓணத்துக்கு முன்னால் ஆபீஸுக்கு வெள்ளையடித்தார்கள். சுவரிலிருந்த தாள் போனது. திரும்ப ஒட்டலாமே என்று நான் போய்க் கேட்டேன். இருந்தவர் புதுசு, பழையவர் மாற்றலாகிப் போய்விட்டார். "அது ஆ பெண்குட்டி செய்ததல்லே" என்றார். அந்தப் பெண் செய்தது, ஆபீஸ் செய்ததில்லை, ஆகவே ஃபைல் இல்லை, ஆகவே ஒட்ட உத்தரவும் இல்லை. நோட்டு எங்கே என்று கேட்டால் ரிப்போர்ட்டோடு போயிருக்கும் என்றார். அந்த ரிப்போர்ட்டை இந்தத் தாலுகாவில் யாரும் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் ஒன்றாம் நடை, இரண்டாம் நடை.

டெல்லியில் 2023 ஜூலையில், அரசு எடுத்து வைத்திருந்த ஃபெல்லோக்கள், ஆலோசகர்கள் என்று சுமார் 400 பேரை ஒரே உத்தரவில் நீக்கினார்கள். நியமித்த முறை சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்குத் தோன்றிய கேள்வி, அந்த 400 பேர் மேஜையில் பாதியில் இருந்த வேலையெல்லாம் மறுநாள் யார் கைக்குப் போயிருக்கும் என்பதுதான். நாற்பது ரூபாய் லேமினேஷன் ஒன்று போனதற்கே எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல்.

சரி, திட்டிக்கொண்டே இருக்காமல் என்ன வேண்டும் என்று சொல்கிறேன்.

எங்கள் மாதிரி எல்லையோரத்துக்கு அனுப்புகிற ஆளை முதல் மூன்று மாதம் கலெக்டரேட்டுக்குள் விடாதீர்கள். வில்லேஜ் ஆபீஸ் வராந்தா, பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணை, அக்ஷயா சென்டரின் (தமிழ்நாட்டு இ-சேவை மையம் மாதிரி) வரிசை, அங்கே உட்காரட்டும். பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட அக்ஷயாவில் கைரேகை வைக்க வேண்டும், மஸ்டரிங் என்பார்கள். காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் சிவப்பு காட்டும், அந்தத் தாத்தா விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைப்பார். அதை ஒரு காலை முழுக்கப் பார்த்த பிள்ளைக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தர ஒன்றும் பாக்கி இருக்காது. அந்த மூன்று மாதமும் அவர் செய்ய வேண்டிய ஒரே வேலை நடையை எண்ணுவது. ஜன்னலில் திரும்பின தாள் எத்தனை, எதற்காகத் திரும்பியது, அந்த ஆள் மறுபடி எப்போது வந்தார். இந்தக் கணக்கை ஆபீஸில் உள்ளவர் எடுக்க முடியாது, அவருக்கு நேரமும் இல்லை, தன் மேல் தானே குற்றப்பத்திரிகை எழுத யாருக்கும் மனசும் வராது. வெளியிலிருந்து வருகிற ஆளால்தான் முடியும். ஃபெல்லோ என்று ஒருவரை வெளியிலிருந்து கொண்டு வருவதில் எனக்குத் தெரிகிற ஒரே லாபம் இதுதான், அதையே நீங்கள் பயன்படுத்தாமல் விடுகிறீர்கள்.

மொழி. தமிழ்நாட்டுத் திட்டத்தில் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள், நியாயம். சித்தூர் தாலுகாவுக்கும், அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடுக்கும் வருகிற ஆளுக்கு மலையாளமும் தமிழும் இரண்டும் படிக்கத் தெரிய வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். இது நான் புதிதாகக் கேட்கிற சலுகை இல்லை. 1969-ம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே எழுதி வைத்ததுதான், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ள அரசு ஆபீஸ்களுக்கும், திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கும் தமிழர் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே தர வேண்டும் என்று. அந்தச் சட்டம் முழுசாக நடந்திருந்தால் என் பிழைப்பில் பாதி போயிருக்கும், போனால் போகட்டும், ஜெராக்ஸ் இருக்கிறது. எங்கள் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படித்துவிட்டு வேலை தேடி அலைகிற பிள்ளைகளுக்கு இரண்டு எழுத்தும் தண்ணீர் பட்ட பாடு. வில்லேஜ் ஆபீஸ் பழைய ரிஜிஸ்டரில் இருக்கிற கோழிக் கிறுக்கலைக்கூட வாசிப்பார்கள். அவர்களுக்கு உங்கள் ஆங்கிலக் கட்டுரைத் தேர்வுதான் தாண்ட முடியாத சுவர்.

உள்ளூர் ஆளை நம்ப முடியுமா, தகுதி இருக்குமா என்று யோசிப்பீர்கள். கேரளாவே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கி, திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்தபோது, பஞ்சாயத்துகள் போட்ட திட்டங்களைச் சரிபார்க்க ஆள் இல்லை. ரிட்டயரான இன்ஜினியர்கள், டாக்டர்கள், விவசாய ஆபீசர்கள் எல்லோரையும் சேர்த்துத் தன்னார்வத் தொழில்நுட்பப் படை என்று ஒன்று வைத்தார்கள். ஃபெல்லோ என்ற பெயர் அப்போது யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் வந்து எஸ்டிமேட்டைப் பார்த்தார்கள். இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது, கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டமான நம் குடும்பஸ்ரீயின் பெண்கள். அயல்கூட்டம் என்கிற அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவில் சீட்டுக் கணக்கு எழுதிப் பழகின பெண்கள் பீகாருக்கும் ஜார்கண்டுக்கும் போய் அங்குள்ள பெண்களுக்குச் சங்கமும் சிறு தொழிலும் நடத்தச் சொல்லிக் கொடுத்தார்கள், பாஷை தெரியாமல் போய்க் கற்றுக்கொண்டு. அவர்களில் எத்தனை பேர் உங்கள் தேர்வை எழுதித் தேறியிருப்பார்கள்?

இன்னும் ஒன்று கேட்கிறேன், இது கொஞ்சம் பெரிய ஆசை. பாக்கியம்மா மாதிரி இங்கே வாழ வந்த பெண்களின் பிறந்த தாளும் பள்ளிக்கூடத் தாளும் தமிழ்நாட்டில், கல்யாணத்துக்குப் பிந்தியதெல்லாம் கேரளாவில். ஜாதி சர்ட்டிபிகேட் என்றால் இன்னும் சிக்கல், பட்டியல் சாதிக்காரர்களிடம் 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், தோட்டத்து லயத்தில் பிறந்தவரிடம் அந்தக் காலத்துத் தாள் எங்கே இருக்கும். பொள்ளாச்சியில் ஒரு ஃபெல்லோவையும் சித்தூரில் ஒரு ஃபெல்லோவையும் ஒரே சமயத்தில் போட்டு, வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். பறம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீருக்கு 1970-ல் ஒப்பந்தம் போட்டு, மணக்கடவில் 7.25 டிஎம்சி என்று அளந்து பங்கு வைக்கத் தெரிந்த இரண்டு அரசுகளுக்கு, ஒரு பெண்ணின் பெயரை ஒரே மாதிரி எழுத ஒப்பந்தம் போடத் தெரியாதா?

கடைசியாக, போகும்போது விட்டுவிட்டுப் போவது. ஃபெல்லோ எதைச் செய்தாலும் அதைச் செய்த நாளிலேயே அந்த ஆபீஸின் ஒரு கிளார்க் பெயரில் ஃபைல் திறந்து, நம்பர் போட்டு வைக்க வேண்டும் என்று விதி வையுங்கள். ரிப்போர்ட்டை உங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் வார்டு கிராம சபையில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டிய சபை, சட்டத்தில் இருக்கிறது. அங்கே வந்து உட்காருகிறவர்கள் பாதிப் பேர் தொழிலுறுதிப் பெண்கள், தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்பார்களே அதுதான், நடை என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். 2025 டிசம்பர் தேர்தலில் ஜெயித்த புது மெம்பர்கள் இருக்கிறார்கள், இன்னும் சூடு ஆறவில்லை, அவர்களிடம் சொல்லி வைத்தால் வெள்ளையடித்த மறுநாள் தாளைத் திரும்ப ஒட்டச் சொல்லிக் கேட்க ஒரு ஆளாவது இருக்கும்.

அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரன் இல்லையா, ஒன்று எடுத்து வைத்திருந்தேன். லேமினேஷனும் நானே போட்டுத் தருகிறேன். அடுத்த முறை ஆள் அனுப்பும்போது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மனு எழுதுகிற கடை எது என்று கேட்கச் சொல்லுங்கள், யாரும் காட்டுவார்கள். பெஞ்சு இருக்கிறது. நோட்டு மட்டும் அவரே வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மனு எழுதுகிறவன்,
கொழிஞ்சாம்பாறை